நின்று கெடும் வண்டி

மஞ்சள் நட்டு முப்பது நாள் ஆகியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு மழை. பயிர் தலைகாட்டுவதற்கு முன்னால் கோரை முழங்கால் உயரம் எழுந்துவிட்டது. களை கொத்த ஆள் கேட்டால், “அடுத்த வாரம் பாக்கலாமுங்க” என்ற பதில்தான். கொட்டகையில் சாக்குப் போர்த்தி நிறுத்தியிருந்த களையெடுக்கும் பவர் வீடரை உருட்டிக்கொண்டு காட்டுக்கு வந்தேன். சோக்கைப் போட்டுக் கயிற்றை இழுத்தேன், எடுத்துவிட்டு இழுத்தேன். இருபது இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து மெக்கானிக் தம்பி வந்தார். கயிற்றைத் தொடவே இல்லை. கார்புரேட்டருக்கு அடியிலிருக்கும் சின்னக் கிண்ணத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. முகர்ந்தால் பெட்ரோல் வாடையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போல் ஒரு நெடி.

“பெட்ரோலு எப்ப ஊத்துனதுங்ணா?”

“போன புரட்டாசில.”

“அப்ப இது பெட்ரோல் இல்லீங்ணா.”

கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: “எங்கிட்ட வர்ற வீடருல ஓடிக் கெட்டது கொஞ்சம்தானுங்ணா. நின்னு கெட்டதுதான் முக்காவாசி.”

யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. வைகாசி, ஆனியில் மஞ்சள் நடவு. முதல் மூன்று களைக்கு வண்டி ஓடும். புரட்டாசி வாக்கில் இலை மூடிக்கொண்டால் பாருக்குள் நுழைய முடியாது. வண்டி கொட்டகைக்குப் போய்விடும். வாழையோ தென்னையோ வைத்திருப்பவர்களுக்கு அவ்வப்போது வேலை இருக்கும். மஞ்சள்காரனுக்கு அப்படியில்லை. வருஷத்தில் எட்டு மாதம் அது சும்மாதான் நிற்கிறது. ஸ்கூட்டரை எட்டு மாதம் நிறுத்திவைத்துவிட்டு, ஒரே உதையில் கிளம்பவில்லையே என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வீடரிடம் மட்டும் கோபித்துக்கொள்கிறோம்.

பெட்ரோலும் முன்பு போல் இல்லை. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். அதன் நன்மை தீமை வேறு பஞ்சாயத்து. நமக்கு வேண்டிய சங்கதி ஒன்றுதான்: எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடித்தண்ணீரைத்தான். கார்புரேட்டர் உலோகம் பூத்துப்போகிறது, பழைய ரப்பர் டியூப் ஊறி உப்புகிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் ஐடில் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஒரு துணுக்குப் பொருக்கு உட்கார்ந்தால் போதும், அன்றைய களையெடுப்பு முடிந்தது. சிறு பெட்ரோல் எஞ்சின்களின் கையேடுகள் பலவற்றில் எத்தனால் 10 சதவீதம் வரை என்றுதான் அச்சாகியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 10 என்று இருந்தால், பெட்ரோலைத் தங்கவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னும் முக்கியம். ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை என்று தெரிந்தாலே டேங்கைக் காலி செய்துவிட வேண்டும்.

அடைத்த ஜெட்டை ஊக்கு வைத்துக் குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானே குத்தியிருக்கிறேன். பித்தளைத் துளை பெரிதாகிவிடும். பிறகு வண்டி ஆயுசுக்கும் கரும்புகை விட்டுக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து, கரண்ட் ஒயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி நுழைத்து எடுத்தால் போதும்.

இனி ஆயில். நான் பேசுவது ஐந்தரை, ஆறரை எச்.பி. போர் ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டியைப் பற்றி. நம் பக்கம் அதிகம் புழங்குவது அதுதான். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலைப் பெட்ரோலோடு கலக்க வேண்டும். அந்தக் கணக்கு வேறு. போர் ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் இருப்பது சுமார் 600 மில்லி ஆயில், மூன்று டம்ளர் மோர் அளவு, அவ்வளவுதான். பெரும்பாலான இந்தச் சிறு எஞ்சின்களில் ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அது சுற்றும்போதெல்லாம் ஆயிலை அள்ளி நாலா பக்கமும் தெளிக்கும். மட்டம் குறைந்தால் கரண்டிக்கு எட்டாது. எட்டாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

இதற்குக் காவலாகப் பல வண்டிகளில் ஒரு சென்சார் இருக்கிறது. ஆயில் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்திவிடும். எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வண்டி ஓடும், நிற்கும், ஓடும், நிற்கும். கைராசிக்காரர் ஒருவர் வந்து சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டார். வண்டி நிற்காமல் ஓடியது, மூன்று நாள். நான்காம் நாள் ராடு உடைந்து எஞ்சின் கூட்டையே துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. விரல் நுழையும் ஓட்டை. அந்தக் கூட்டை இன்னும் அவர் திண்ணையில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட.

ஆயில் மட்டம் பார்ப்பதிலும் ஒரு பிசகு செய்கிறோம். வண்டியைப் பாரின் மேல் சாய்வாக நிறுத்திவிட்டுக் குச்சியை உருவுகிறோம். சமதளத்தில், எஞ்சின் ஆறிய பிறகு, குச்சியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மரையைத் திருகிப் பார்ப்பதா, சும்மா நுழைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பரவலாக ஓடும் ஹோண்டா ஜிஎக்ஸ் வகை எஞ்சின்களில் திருகாமல்தான் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றும்போது மட்டும் ஆறவிடாதீர்கள். ஓட்டி இறக்கிய சூட்டில் ஐந்து நிமிஷம் கழித்து அடி போல்ட்டைக் கழற்றினால் கசடோடு இறங்கும். 10டபிள்யூ-30 என்று கேட்டு வாங்குங்கள். கழிவு ஆயிலை வாய்க்கால் ஓரம் ஊற்றுகிற பழக்கம் வேண்டாம். டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

புது வண்டிக்கு முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்ற வேண்டும். பிறகு 100 மணிக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கையேடு இப்படித்தான் சொல்கிறது. முதல் முறை இறக்கும் ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள், வெள்ளிப் பொடி தூவினாற்போல் மினுங்கும். புதுப் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகியதில் உதிர்ந்த துகள் அது. உள்ளேயே சுற்றவிட்டால் அரம் போல அராவிக்கொண்டிருக்கும்.

மணிக் கணக்கு சரி, யார் எண்ணுவது? பைக்கில் கிலோமீட்டர் ஓடுகிறது. நம் வீடர்களில் மீட்டர் கிடையாது. அதற்கு நான் வைத்திருக்கும் வழி பெட்ரோல் கணக்கு. என் வண்டி மண்ணுக்குள் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கிறது. அப்படியானால் லிட்டர்தான் மணி. கொட்டகைக் கதவில் ஒவ்வொரு லிட்டருக்கும் சாக்பீஸில் ஒரு கோடு. ஐம்பது கோட்டில் ஏர் ஃபில்டர், நூறு கோட்டில் ஆயிலும் பிளக்கும். அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து வாங்கிய பங்காளி வண்டிக்கு இந்தக் கோடு கட்டாயம் வேண்டும். பெட்ரோல் ஊற்ற மூன்று பேரும் வருவார்கள். ஆயில் மாற்றுவது எப்போதும் அடுத்தவர் முறை.

ஏர் ஃபில்டருக்கு மட்டும் ஐம்பது கோடு வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் செம்மண் காட்டில் காய்ச்சலாக ஓட்டினால் இரண்டே மணி நேரத்தில் ஓட்டுகிறவர் புருவம் சிவந்துவிடும். அந்தப் புழுதியைத்தான் எஞ்சினும் சுவாசிக்கிறது. தினமும் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பேப்பர் ஃபில்டர் என்றால் தட்டி உதறலாம், உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிக்கலாம். தண்ணீரில் போடக் கூடாது. ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, துளி எஞ்சின் ஆயிலில் பிசைந்து பிழிந்து மாட்ட வேண்டும். அடியில் ஆயில் கிண்ணம் உள்ள வகை என்றால் கிண்ணத்து ஆயில் சேறாகும்போது மாற்றவேண்டும். ‘இழுவை பத்தலை’ என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அன்றைக்கு நன்றாகத்தான் இழுக்கும். ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்க ஒரு பசை வைத்திருப்பார்களே, ஆயிலும் புழுதியும் கலந்தால் கிட்டத்தட்ட அதுதான். சிலிண்டருக்குள் நாமே அதைப் பூசிவிட்டு ஓட்டுகிறோம்.

பிளக்கைக் கழற்றினால் எஞ்சினின் ஜாதகமே தெரியும். முனை காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் சுகம். கரி படிந்திருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஆயிலில் நனைந்திருந்தால் ரிங் தேய்மானமாக இருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், ஆக்ஸா பிளேடு ஒன்று தாராளமாக நுழைந்து வர வேண்டும். சூட்டுக்கு ஒரு காரணம் கயிறு ஸ்டார்டர் மூடிக்குள் ஒளிந்திருக்கும். இது காற்றால் ஆறும் எஞ்சின். மூடியின் ஓட்டைகளிலும் சிலிண்டர் மடிப்புகளிலும் வைக்கோல் தூசும் மண்ணும் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழியில்லை. பழைய டூத் பிரஷ் போதும் அதைச் சுத்தம் செய்ய. வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோய்ப் பீய்ச்சி அடிக்கிறார்களே, கார்புரேட்டர் பக்கமும் சூடான சைலன்ஸர் மேலும் தண்ணீர் படாமல் அடிக்கச் சொல்லுங்கள்.

கத்திகளைத் தொடுவதற்கு முன் பிளக் கேப்பைப் பிடுங்கிவிட வேண்டும். அணைத்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள். கத்தியைக் கையால் சுற்றும்போது எஞ்சினும் சுற்றி, சூடாக இருந்தால் ஒரு வெடி வெடித்தாலும் வெடிக்கும். விரல் போனால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடைக்காது. பிறகு பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கைப்பிடி தரையைத் தொடும்படி வண்டியைப் பின்பக்கம் சாய்க்கலாம். பக்கவாட்டில், கார்புரேட்டர் அடியில் வரும்படி படுக்கவைத்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய்விடும்.

சாய்த்ததும் கத்தித் தண்டின் நடுவில், கியர் பாக்ஸை ஒட்டிப் பாருங்கள். போன வாரம் என் வண்டியில் அங்கிருந்து எடுத்தவை: கோரைக் கொடி ஒரு பந்து, வாழை நார், சொட்டுநீர் லேட்டரல் டியூபின் ஒரு முழத் துண்டு, மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் இழை. அந்த இழைதான் எமன். சுற்றிச் சுற்றி இறுகி ஆயில் சீலுக்குள் கத்தி போல இறங்கிவிடும். சீல் கிழிந்தால் கியர் ஆயில் சொட்டும், அதே வழியில் சேறு உள்ளே போகும். சீலின் விலை சொற்பம். கியர் பாக்ஸைப் பிரித்துக் கோர்க்கும் கூலி அப்படியல்ல. சாயங்காலம் ஐந்து நிமிஷம், ஒரு கருக்கரிவாள் நுனி, வேலை முடிந்தது. மாதம் ஒருமுறை கியர் ஆயிலையும் குச்சி விட்டுப் பார்த்துவிடலாம். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

எல் வடிவத்தில் வளைந்திருக்கும் இந்தக் கத்திக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஆஸ்திரேலியாவில் கில்காண்ட்ரா என்ற ஊரில், அப்பாவின் பண்ணையில், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912-இல் சுழலும் உழுபடையைச் சோதித்துப் பார்த்தார். மண் பக்கவாட்டில் சிதறியது. கத்தியை எல் வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் மண் இடத்திலேயே பொலபொலத்தது. 1920-இல் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவுக்கு இடம், வலம் உண்டு என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மாற்றி மாட்டினால் முதுகால் மண்ணை அடிக்கும். வண்டி குதிக்கும், கை மரத்துப்போகும். சுற்றும் திசைக்கு வெட்டுமுனை முன்னால் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் தகராறே இல்லை. போல்ட்டுகளைத் தினமும் ஒரு ஸ்பேனர் சுற்று சுற்றிவிடுங்கள். பெல்ட் வண்டியாக இருந்தால் பெல்ட்டின் விளிம்பு பிரிகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் சிறு, குறு விவசாயிகள், பெண்கள் உள்ளிட்டோருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் கிடைக்கிறது, உச்சவரம்பு உண்டு. மானியத்தைப் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘இதன் ஆயில் சீலும் கார்புரேட்டர் கிட்டும் எந்தக் கடையில் கிடைக்கும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால் எழுந்து வந்துவிடலாம்.

எட்டு மாத ஓய்வுக்கு இப்போது நான் செய்வது இவ்வளவுதான். டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சினை வெளியில் வைத்து ஓடவிடுகிறேன். தானாக அணைந்ததும் கிண்ணத்து அடித்திருகைத் திறந்து கடைசிச் சொட்டையும் வடிக்கிறேன். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில். இரண்டு முறை கயிற்றை மெல்ல இழுத்துவிட்டு, பிளக்கை மாட்டி, மறுபடி இழுத்துக் கை கனக்கும் இடத்தில் நிறுத்துகிறேன். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், மழைக்கால ஈரம் உள்ளே போகாது. கத்திகளில் ஆயில் துணியால் ஒரு துடைப்பு. சைலன்ஸர் வாயில் துணிப் பந்து ஒன்றைச் செருகுகிறேன். இல்லாவிட்டால் குளவி மண் குழைத்து வீடு கட்டிவிடும். துணி இருப்பதை மறக்காமலிருக்கக் கயிற்றுப் பிடியில் சிவப்பு ரிப்பன்.

போன ஆனியில் மூன்றாம் இழுப்பில் கிளம்பியது. உங்கள் கொட்டகையில் வேலை முடிந்து நிற்கும் வண்டி இருந்தால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். இந்த மாதம் ஊற்றிய பெட்ரோலாக இருந்தால் வடித்து இன்றைக்கே பைக்கில் ஊற்றி ஓட்டிவிடுங்கள்.