இன்னொரு ஆம்ப்ளிஃபயர் அவசியமா?

மும்பை லாமிங்டன் ரோடாக இருக்கட்டும், பெங்களூர் எஸ்.பி. ரோடாக இருக்கட்டும், ஹோம் தியேட்டர் வாங்க வந்தவர் ஸ்பீக்கர்களையும், அவற்றுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் ரிசீவரையும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு எழும். "எல்லாம் சரி சார், ஆனால் இத்தனை ஸ்பீக்கரை இந்த ரிசீவர் தாங்காது. தனியாக ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் போட்டுவிடுங்கள்." பட்ஜெட் எகிறுகிறது.

வாட் என்றாலே நமக்கு ஒரு மயக்கம். 90களில் சாதாரண டூ-இன்-ஒன்களின் நெற்றியில்கூட பி.எம்.பி.ஓ. என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட்டை அச்சடித்து விற்றார்கள். நிஜத்தில் அவை தந்தது சொற்பம். மயக்கம் தெளிய ஒரு சின்னக் கணக்கு உண்டு.

ஸ்பீக்கரின் விவரக் குறிப்பில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். அது 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் கேட்கும் என்று அர்த்தம். பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் அது சுமார் 80 ஆக இறங்கும். அதுவே தாராளமான சத்தம்தான். சக்தியை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஆக, 10 வாட்டில் 90. 100 வாட்டில் 100. அந்த 100 வாட் ரிசீவருக்குப் பதில் 200 வாட் ஆம்ப்ளிஃபயர் வேலை செய்தால் கிடைப்பது 103. செலவு தெரியும் அளவுக்குக் காதுக்கு வித்தியாசம் தெரியாது. சத்தம் இரு மடங்காகத் தோன்ற, சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அதற்குள் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டிவிடுவார்.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. பெட்டியில் அச்சிட்ட 100 வாட் பெரும்பாலும் இரண்டு சேனல்கள் மட்டும் ஓடும்போது அளந்தது. ஏழும் சேர்ந்து முழங்கினால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும். (படங்களில் ஏழும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடுவது அபூர்வம்.) 4 ஓம் ஸ்பீக்கர்கள், 8 ஓம் ரகத்தைவிட இரு மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். சென்சிடிவிட்டி 85க்குக் கீழே இருந்தாலோ, கூடம் மிகப் பெரிதாக இருந்தாலோ ரிசீவர் திணறலாம். திணறும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. முதலில் வசனம் கரகரக்கும். தொடர்ந்தால் ட்வீட்டர் கருகும். சில ரிசீவர்கள் சூடாகித் தாமே அணைந்துவிடும். ஆனால் அதை டி.வி. ஸ்டாண்டின் கண்ணாடிக் கதவுக்குள் அடைத்து வைத்திருந்தால் குற்றம் ரிசீவருடையதல்ல.

காசில்லாத வைத்தியம் ஒன்றும் இருக்கிறது. மெனுவில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சக்தியை விழுங்கும் கனத்த ஒலிகள் சப்வூஃபருக்குப் போய்விடும். பெரும்பாலும் அதனுள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதன் பிறகும் கரகரப்பு நீங்காவிட்டால் பர்ஸைத் திறக்கலாம். அப்போதும் முன்பக்கத்து மூன்று ஸ்பீக்கர்களுக்கு மட்டும் போதும்.

எதற்கும் முதலில் ரிசீவரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சப்வூஃபரைத் தவிர வேறெதற்கும் ப்ரீ-அவுட் இணைப்பு இருக்காது. அது இல்லாவிட்டால், வாங்கி வந்த ஆம்ப்ளிஃபயரை நேரடியாகப் பொருத்த வழியில்லை.