‘மெதுவாகச் சொல்லுங்கோ’ என்று தொடங்கும் ஆங்கிலம்

ஆங்கிலம் பேசப் பழக்கும் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் இரண்டு மூன்று பாடங்களுக்குள் ‘என் குடும்பம்’ வந்துவிடும். திருமணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், சகோதரர்கள் என்ன செய்கிறார்கள்? சொற்கள் எளிதானவை என்பதால் அதை முதலில் வைக்கிறார்கள். போரைத் தாண்டி வந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர் இருக்கும் ஒரு வன்னி வகுப்பில் அதைவிடக் கடினமான பாடம் கிடையாது.

கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். வருபவர்களில் அதிகம் பெண்கள். 1995 இடப்பெயர்வோடு பள்ளிக்கூடம் நின்றவர்களும் உண்டு, சாதாரண தரம் வரை படித்தும் ஆங்கிலத்தில் வாய் திறக்காதவர்களும் உண்டு. பரீட்சைக்காக யாரும் வருவதில்லை. கனடாவில் உள்ள பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராது. கிளினிக்கில் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. வங்கியிலிருந்து போன் வந்தால் மகள் வரும்வரை காத்திருக்க வேண்டும். காரணங்கள் இவைதான்.

முதல் நாள், தெரிந்த ஆங்கிலச் சொற்களைச் சொல்லச் சொல்வேன். ஒன்றும் தெரியாது ரீச்சர் என்பார்கள். ரோக்கன், கிளினிக், பிரஷர், சுகர், லோன், லீசிங் என்று தொடங்கினால் நிற்காது. பங்கர், ஷெல், ரவுண்டப், செக்பொயின்ட், பாஸ், காம்ப் எல்லாம் வந்துவிடும். யாரும் படிப்பிக்காமலே வந்து சேர்ந்த ஆங்கிலம் அது. பலகை நிறைந்த பிறகு, ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்துப் பழக்குவது மற்றவரை நிறுத்தும் வசனங்கள். ‘பிளீஸ் ஸ்பீக் ஸ்லோலி’, ‘சே இட் அகெய்ன் பிளீஸ்’, ‘கான் யூ ரைட் இட்?’. பேச்சு என்றால் நாம் பேசுவது மட்டுமே என்று நினைக்கிறோம். விளங்காத இடத்தில் மற்றவரை நிறுத்தத் தெரியாதவருக்கு நூறு வசனம் பாடமாக்கியும் பயனில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்த அனுபவம் எங்கள் ஊர்களில் பலருக்கு உண்டு. ஆகவே ‘ஐ கனொட் ரீட் திஸ், ஐ வில் நொட் சைன் நவ்’ என்பதும் முதல் மாதப் பாடம். ‘கான்ட்’ என்று சுருக்க விடமாட்டேன். அவசரத்தில் அது ‘கான்’ என்று கேட்டு, முடியாது என்றது முடியும் என்றாகிவிடும்.

‘ஐ நீட் எ டமில் இன்டர்பிரெட்டர்’ என்பதையும் சேர்த்துக்கொள்வோம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆங்கிலம் பழகுவதால் தமிழில் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மரியாதை இன்னொரு சிக்கல். நாங்கள் ‘தாங்கோ’, ‘சொல்லுங்கோ’ என்று வினையின் வாலிலேயே மரியாதையைக் கட்டிவிடுகிறோம். ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை. ‘கிவ் மீ’ என்றால் ‘தா’ என்பதுபோல்தான் கேட்கும். ‘குட் யூ’ என்பதுதான் அவர்களுடைய ‘ங்கோ’ என்று சொன்னால் உடனே பிடிபடுகிறது. இலக்கணமாக விளக்கினால் அரை மணித்தியாலம் போகும். ‘போட்டு வாறன்’ என்பதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொல்பவரை நான் திருத்துவதில்லை. வெள்ளைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும், இந்த நாட்டில் எல்லோருக்கும் அது விளங்கும்.

குடும்பப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அதைக் கேட்பவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். தேவை உண்மையானதுதான். 2017 பெப்ரவரி தொடக்கம் கிளிநொச்சியில் போராட்டத்தில் இருந்த தாய்மாரிடம் வெளிநாட்டவர்களும் வந்து கேள்வி கேட்டார்கள். தங்கள் வாயாலேயே பதில் சொல்ல விரும்பும் தாய்மார் உண்டு. இங்கேதான் மொழி இடறுகிறது. ‘எனக்கு மூன்று பிள்ளைகள்’ என்று தமிழில் சொல்ல வினைச்சொல்லே வேண்டாம், காலமும் இல்லை. ஆங்கிலம் விடாது. இப்போது இருக்கிறார்கள் என்றால் ‘ஐ ஹாவ்’, முன்பு இருந்தார்கள் என்றால் ‘ஐ ஹாட்’. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பிள்ளையைக் கையளித்துவிட்டு இன்னும் பதில் கிடைக்காத தாய், ‘ஐ ஹாவ் த்ரீ சில்ட்ரன்’ என்றால் அதில் பிழை இல்லை. அவர் கேட்டால், ‘மை சன் இஸ் மிஸ்ஸிங்’ என்பதைச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பேன். அதுவும் நிகழ்காலம்தான். ‘ஹாட்’ என்று மாற்றச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. இறப்பை அறிந்தவர்களில் சிலர் தாமாகவே ‘ஹாட்’ என்பார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். ‘ஐ டோன்ட் வோன்ட் டு டோக் அபவுட் இட்’ என்பதையும் சொல்லிவைக்கிறேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லக் கடமை இல்லை.

வீட்டுப்பாடம் வட்ஸ்அப்பில். பேரப்பிள்ளைகள் வேகமாகப் பேசுவார்கள். நேரடி அழைப்பில் பிடிபடாததைக் குரல்பதிவில் பத்துத் தடவை போட்டுக் கேட்கலாம். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாகக் கேட்கப் பழக்குகிறேன். ‘வட் டிட் யூ ஈட் டுடே?’ எல்லோருக்கும் பிடித்தது, எங்கள் ‘சாப்பிட்டீங்களோ?’ தானே அது. காலபோக அறுவடை நேரத்தில் வகுப்புக்குப் பாதிப்பேர்தான் வருவார்கள். அந்தக் கிழமைகளில் என் பாடமும் குரல்பதிவாகவே போகும்.