ஆள் இல்லையா, கூலி இல்லையா?

மாதந்தோறும் குன்னூரிலிருந்து தேயிலை வாரியம் பசுந்தேயிலையின் விலையை அறிவிக்கும் நாள் நெருங்குகையில், கோத்தகிரியிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் வரும் வாசகர் கடிதங்கள் எழுப்பும் சந்தேகம் ஒன்றே: தோட்டத்தில் ஆள் குறைந்தால் சரக்குக் குறைந்து விலை ஏற வேண்டாமா?

அறிக்கைகள் ‘ஆள் பற்றாக்குறை’ என்பது, தரப்படும் கூலிக்கு வர ஆள் இல்லை என்பதைத்தான். மலையிறங்கினால் கோயமுத்தூரும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் காத்திருக்கையில் இளைஞர் போவது இயல்பு. பனியன் முதலாளி தையல் இயந்திரங்களை ஆள் கிடைக்கும் ஊருக்குக் கொண்டுபோகலாம். பறித்த கொழுந்தோ மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெடுமாதலால், தேயிலைத் தொழிற்சாலை தோட்டத்தைவிட்டு நகர முடியாது. ஆகவே ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் மலைக்கு வருகிறார்கள்.

கவலைக்குரிய விஷயம் இனிமேல்தான். ஏழு முதல் பத்து நாளுக்கொருமுறை கையால் பறித்தால் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் கிடைக்கும். ஆள் குறைந்து சுற்று இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, தண்டு நாராகி, இலை முற்றி, கத்தரியோ இயந்திரமோ கொண்டு வெட்டுவதே வழியாகிறது. அப்போது ஒருவர் ஒரு நாளில் சேர்க்கும் எடை பன்மடங்காவதால், தலைக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு உற்பத்தித்திறன் உயர்ந்ததாகச் சொல்லும். ஏலத்திலோ அந்தத் தூளின் மதிப்பு தாழும். ஏல வருமானத்தில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்ற சூத்திரம் நீலகிரி ஜில்லா சராசரியை அடிப்படையாகக் கொண்டது; ஆதலால், சில தொழிற்சாலைகள் நல்ல இலைக்குக் கூடுதலாகத் தந்தபோதிலும், கூலி கொடுத்து நேர்த்தியாகப் பறித்தவரின் சிரமபலன் முற்றிய இலை தந்தவரோடு பெரும்பாலும் கலந்துவிடுகிறது. மலிவான பறிப்பு விலையைத் தாழ்த்த, தாழ்ந்த விலை கூலியைத் தாழ்த்த, கூலி மேலும் ஆட்களைக் கீழே அனுப்புகிறது.

இயந்திரம் மிச்சம் தராதா? எடைக் கணக்கில் தரும். ஏலக் கணக்கில் பெரும்பாலும் தராது.

வெளிமாநிலத்தார் நிலைப்பார்களா? வேறிடத்தில் கூலி கூடும்வரை.

தமிழக அரசின் தேயிலைக் கழகமான டான்டீ? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியோருக்கு வேலை தர எழுந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளும் சமவெளிக்கே செல்கிறார்கள்.

சராசரி விலையோடு வாரியம் நின்றுவிடலாகாது. இலையின் தரத்துக்கேற்ற விலையும், பறித்த கைக்கு அதில் பங்கும் வரும்வரை, ஆள் இல்லை என்ற முறையீட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை.