பரணில் கிடைத்த பதக்கங்கள்

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே மூன்று பதக்கங்கள். கறுத்துக் கிடந்ததால் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். "தேய்க்காதேம்மா, விளிம்புல என் நம்பரும் பேரும் இருக்கு, அழிஞ்சிடும்" என்று மாமனார் பதறினார்.

அவர் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ரிடையர் ஆனவர். ஐந்து முனை வெண்கல நட்சத்திரம் 'பூர்வி ஸ்டார்'. 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்தது. வட்டமானது 'சங்கிராம் மெடல்', அதே போருக்குத்தான். மூன்றாவது, சுதந்திர வெள்ளி விழாவுக்காக 1972-ல் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது.

"அப்ப சண்டை போட்டதுக்கு இல்லையா தாத்தா?" என்றான் என் மகன், ஏமாற்றத்தோடு.

"நான் எங்கடா சண்டை போட்டேன்? கட்டுதான் போட்டேன். டிசம்பர் 16-ந்தேதி டாக்காவுல அவங்க சரணடைஞ்சதும், அவங்க ஆளுங்களுக்கும் போட்டேன். இது அங்க இருந்த எல்லாருக்கும் குடுத்தது" என்று சிரித்தார்.

அதுவரை பேசாமல் மொச்சை உரித்துக்கொண்டிருந்த மாமியார், "எல்லாருக்கும்னு லேசா சொல்றாரு. திரும்பி வராதவங்க வீட்டுக்கும் இதே மெடல்தான் போச்சு" என்றார். சண்டை நடந்தது 13 நாள். இவர் உயிரோடு இருக்கிற லெட்டர் வந்தது ஜனவரி கடைசியில்தானாம்! அதுவரை தினமும் தபால்காரரைப் பார்த்தபடி வாசலிலேயே இருந்திருக்கிறார்.

மாமனார் ஒன்றும் பேசவில்லை. மாமியார் டின்னை வாங்கி, தன் கூறைப்புடவை இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.