அறச்சலூர்ச் சதுரம்

ஈரோட்டிலிருந்து காங்கேயம் போகிற சாலையில் இருக்கிறது அறச்சலூர். ஊரை ஒட்டிய நாகமலையில், சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம் ஒன்றில், தமிழி எழுத்தில் ஒரு சதுரம் வெட்டப்பட்டிருக்கிறது. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. த, தா, தை, தே என்று எல்லாமே தகர வரிசை. பொருள் தரும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. புலவர் செ. இராசு வெளிக்கொண்டுவந்த இந்தக் கல்வெட்டை ஆய்வாளர்கள் கி.பி. 2 முதல் 4-ஆம் நூற்றாண்டுவரையான காலத்தில் வைக்கிறார்கள். இசைக் கல்வெட்டு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கணக்கும் கலையும் இசையும் உலகத்தார் எல்லாருக்கும் பொதுவானவையா? ஜென் வழியில் நின்று அதைக் கேட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. மூன்றும் இங்கே ஒரே பாறையில் இருக்கின்றன.

முதலில் கணக்கு. எந்த வரியையும் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ படிக்கலாம், மாறாது. முதல் வரியும் ஐந்தாம் வரியும் ஒன்று. இரண்டாவதும் நான்காவதும் ஒன்று. மேலிருந்து கீழே படித்தாலும் அதே வரிகள்தான் வருகின்றன. ஒரு தாளில் 25 கட்டம் போட்டு நீங்களே சோதித்துப் பாருங்கள். இந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டால் உங்கள் விருப்பப்படி நிரப்பக் கிடைப்பவை ஆறே கட்டங்கள். அந்த ஆறும் முடிவானதும் மீதி 19-ம் தாமாக வந்து உட்காரும். பள்ளிக்கூடப் பிள்ளை கண்டுபிடிக்கக்கூடிய உண்மை இது. தமிழ் தெரியாதவருக்கும் இது இப்படியேதான் இருக்கும்.

அடுத்தது கலை. இதைச் செய்தவர் பெயரும் அருகிலேயே வெட்டப்பட்டிருக்கிறது: தேவன் சாத்தன், மணிய வண்ணக்கன். எழுத்துகளைச் சேர்த்துக் கோத்தவர் இவர் என்று அந்த வரி சொல்கிறது. வண்ணக்கன் என்பவர் பொன்னையும் காசையும் உரசிப் பார்த்துத் தரம் சொல்பவர். மணிய வண்ணக்கன், மணிக்கற்களைத் தரம் பார்ப்பவர். நொய்யல் கரையில் கொடுமணலில் மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளை அகழாய்வு காட்டியிருக்கிறது. காங்கேயம் பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்குப் பேர்போனது. கல்லைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் ஒத்து வருகிறதா என்று பார்த்துப் பழகிய கண், எழுத்தையும் அப்படியே திருப்பிப் பார்த்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். சங்கப் புலவர்களிலும் வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்றவர்கள் உண்டே. தொழிலும் கலையும் ஒரே ஆளிடம் இருந்த காலம் அது.

ரோமானியர்களிடமும் இப்படி ஒரு சதுரம் உண்டு. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பொம்பெயி நகரத்தின் சுவரில் அது கீறப்பட்டிருந்தது. ஐந்து லத்தீன் சொல், சொல்லுக்கு ஐந்து எழுத்து. குறுக்கும் நெடுக்கும் ஒன்றுபோல வரும். கோவை வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது நினைவுக்கு வந்தால், அந்தச் சதுரமும் காசோடு கப்பலேறி வந்ததோ என்று மனம் ஓடும். அப்படிச் சொல்லச் சான்று எதுவும் இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை. இன்னொரு வேறுபாடுதான் என்னை நிறுத்துகிறது. லத்தீன் சதுரத்தில் முதல் சொல்லைப் பின்னிருந்து படித்தால் வேறு சொல்லாகிவிடும். அங்கே ஒவ்வொரு வரியும் பொருள் தர வேண்டிய கட்டாயம். தேவன் சாத்தனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொருளை விட்டுவிட்டதால் ஒழுங்கை முழுமையாகப் பிடிக்க முடிந்தது. சாவோசௌ என்ற சீன ஜென் ஆசிரியர் கேள்விக்கு விடையாகத் தந்த ‘மு’ என்ற ஒற்றை அசையை, அர்த்தம் தேடாமல் ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு இந்த விடுதலை புரியும்.

சரி, இசை? இங்கேதான் கல் வாயை மூடிக்கொள்கிறது. த, தை, தா எல்லாம் நாட்டியச் சொற்கட்டு போலத் தெரிகின்றன. கோவையில் இன்று மாலை எந்த நடன வகுப்புக்குப் போனாலும் தட்டுக்கழியோடு ‘தை’யும் ‘தா’வும் கேட்கும். ஆனால் எப்படிச் சொல்வது? எழுத்துக்கு ஒரு தட்டு என்று வைத்தால் வரிக்கு ஐந்து, கண்ட நடை. இலக்கணப்படி குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை போட்டால் முதல் வரி எட்டு, இரண்டாம் வரி பத்து. இரண்டு கணக்கும் சரி. எது சாத்தனின் காதில் ஒலித்தது என்று கணக்கால் சொல்ல முடியாது. காலடி எங்கே விழுந்தது, மூச்சு எங்கே நின்றது என்பதெல்லாம் ஆடியவரோடு போய்விட்டன.

1977-இல் வாயேஜர் விண்கலங்களில் தங்கமுலாம் பூசிய ஓர் இசைத்தட்டு அனுப்பினார்கள். எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும் என்ற குறிப்பை ஹைட்ரஜன் அணுவை அளவாக வைத்து அதன் உறைமேல் பொறித்தார்கள். கணக்கு எங்கும் செல்லும் என்ற நம்பிக்கை. உள்ளே கேசர்பாய் கேர்க்கரின் பாட்டும், கோரோ யமகுச்சி ஊதிய ஷாகுஹாச்சி மூங்கில் குழலும் உண்டு. ஜப்பானில் ஜென் துறவிகள் தியானமாக ஊதிய குழல் அது. அந்தத் தட்டைக் கண்டெடுப்பவர் யாரோ, அதைச் சுழற்றிவிடுவார். ஆனால் அது அவருக்கு இசையாகக் கேட்குமா? அறச்சலூரில் நாம் நிற்பது அவர் இடத்தில்தான்.

மனிதருக்குள்ளேயே பதில் இரண்டுபடுகிறது. 2019-இல் சாமுவேல் மெர் குழுவினர் 315 சமூகங்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பாட்டு எல்லா இடத்திலும் இருந்தது. 2016-இல் ஜோஷ் மெக்டெர்மட் குழுவினர் பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம், நாம் இனிமை என்கிற சுரச்சேர்க்கையையும் கரகரப்பு என்கிற சேர்க்கையையும் போட்டுக்காட்டினார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே பிடித்திருந்தன. பாடுவது பொது, எது இனிமை என்பது பழக்கம்.

ஆனால் கணக்கை உயர்த்தி இசையைத் தாழ்த்துகிற முடிவுக்கு இதை வைத்து வந்துவிடக் கூடாது. 13-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஆசிரியர் டோகன், பயிற்சி வேறு ஞானம் வேறு என்று பிரிப்பதை ஏற்கவில்லை. உட்காரும்போதே அது நிகழ்கிறது என்றார். இதை நான் கணக்குக்கும் பொருத்துகிறேன். அந்தச் சதுரம் பல நூற்றாண்டுகள் பாறையில் கிடந்தது. ஆடு மேய்க்கப் போனவர்களுக்கு அது கீறல். ஒருவர் உட்கார்ந்து, முன்னும் பின்னும் மேலும் கீழும் படித்தபோதுதான் அது சதுரமாயிற்று. கணக்கும் ஆள் வந்து போட்டால்தான் உண்டு, தாளம்போலவே. உலகப் பொது என்று எங்கோ தனியாக ஒரு பொருள் கிடக்கிறது என்பதை நான் நம்பவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து செய்யலாம் என்று திறந்திருப்பதுதான் பொது. அந்த வகையில் மூன்றும் பொதுவே.

அறச்சலூர்ப் பக்கம் போகிற வாசகர்கள் ஒருமுறை மலையேறுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். மிருதங்கமோ பறையோ வாசிப்பவர் கூட வந்தால் இன்னும் நல்லது. வரிகளை வாய்விட்டுச் சொல்லி, ஐந்தாகவும் தட்டுங்கள், மாத்திரை போட்டும் தட்டுங்கள். ஒன்றே ஒன்று: போட்டோவில் தெளிவாக விழ வேண்டுமென்று எழுத்தின்மேல் சுண்ணாம்பு, சாக்பீஸ், பெயின்ட் எதையும் தேய்க்காதீர்கள். பின்னால் வருகிறவர்களும் படிக்க வேண்டும்.