கல்லாவுக்கு வராத நாணயம்

கார்த்திகைக்கு முன்னால் கருவேப்பிலங்குறிச்சி வியாபாரி ஒருவர், விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் ஒரு லட்சம் ரூபாய்க்கு அகல் விளக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரூபாய்க்குப் பதில் பிட்காயின் தருகிறார். அரசால் இதைத் தடுக்க முடியுமா?

பரிமாற்றத்தைத் தடுப்பது கடினம். பிட்காயின் கணக்கு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. பூட்டுப் போட ஒரு தலைமை அலுவலகம் கிடையாது. ஆனால் பட்டறைக்காரர் களிமண்காரருக்கும் மின்வாரியத்துக்கும் ரூபாய்தான் கொடுத்தாக வேண்டும். பிட்காயினை ரூபாயாக்க ஒரு பரிமாற்றத் தளமும் வங்கியும் வேண்டும். அரசின் கை எட்டுவது அங்கேதான்.

முதலில் அந்தக் கதவையே சாத்திப் பார்த்தார்கள். 2018 ஏப்ரல் 6 அன்று, பிட்காயின் போன்ற கிரிப்டோ வியாபாரத்துக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நம் மன்னார்குடிக்காரர், நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. தன் கண்காணிப்பில் உள்ள வங்கிகளுக்கு என்ன கேடு வந்தது என்று காட்டாமல் இவ்வளவு கடுமை கூடாது என்றார்.

அடுத்து வந்தது வரி. தடையைவிட இதுதான் கெட்டிக்கார வேலை என்பேன். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அந்த ஜூலை முதல், நாணயத்தை வாங்குபவர் பிடித்துக் கட்ட வேண்டிய 1 சதவீத வரியும் (டிடிஎஸ்) சேர்ந்தது.

நம் அகல் வியாபாரி அந்தப் பிட்காயினை 60,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், விளக்கு வாங்கிய அந்த நிமிடமே 40,000 ரூபாய் லாபம் பார்த்ததாகக் கணக்கு. வரி 12,000, அதன்மேல் செஸ். பட்டறைக்காரரோ சட்டத்தின் பார்வையில் பிட்காயினை வாங்கியவர். ஆகவே, 1 சதவீத வரி கட்டியாகிவிட்டதா என்று பார்த்துத்தான் அவர் சரக்கை அனுப்ப வேண்டும். விளக்கு விற்கப் போனவருக்கு வருமான வரி வேலை! (டீக்கடைச் சில்லறைக்கு இந்தப் பிடித்தம் வராது, சிறு வியாபாரிக்கு ஆண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான். லாப வரிக்கு அந்தச் சலுகை இல்லை.) பக்கத்திலேயே கியூஆர் அட்டை தொங்குகிறது, போனைக் காட்டினால் கட்டணமில்லாமல் நொடியில் பணம் ஏறிவிடுகிறது. இந்தத் தலைவலியை யார் விலைக்கு வாங்குவார்?

வாங்கி வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களை இந்த வரி ஒழிக்கவில்லை. பலர் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனார்கள். பைனான்ஸ் (Binance) உட்பட அப்படிப்பட்ட ஒன்பது தளங்களுக்கு 2023 டிசம்பரில் மத்திய நிதி உளவுப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்றது. சொத்தாக வைத்திருக்கலாம், கல்லாவில் காசாகப் புழங்குவது வேறு.

எல்லா ஊரிலும் அரசின் இந்தத் தடுப்பு பலிக்காது. நைஜீரியா 2021 பிப்ரவரியில் கிரிப்டோவுக்கு வங்கிக் கதவைச் சாத்தியது. அந்நாட்டுப் பணமான நைராவின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் வங்கியை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் நேரடியாக மாற்றிக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் மத்திய வங்கியே தடையைத் தளர்த்தியது. கையில் உள்ள ரூபாய் நாளைக்கும் செல்லும் என்று விருத்தாசலத்துப் பட்டறைக்காரர் நம்புகிறார். நைஜீரியாவின் லாகோஸ் நகரக் கடைக்காரருக்கு நைராமேல் அந்த நம்பிக்கை இல்லை.