இட்லி மாவில் இருக்கிறது விகிதக் கணக்கு!

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர் பலர், பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வந்ததும் கணக்குப் புத்தகத்தைத் தொடவே அஞ்சுகிறார்கள். "மராத்தி படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. நான் என்ன சொல்லித் தருவது?" என்று ஒதுங்கி விடுகிறார்கள்.

அஞ்ச வேண்டியது இல்லை. அந்த வயதில் வரும் முக்கியமான பாடம் விகிதம். மராத்திப் புத்தகத்தில் 'சம பிரமாண்', 'வியஸ்த பிரமாண்' என்று இருக்கும். ஆங்கிலத்தில் 'டைரக்ட் புரொப்போர்ஷன்', 'இன்வர்ஸ் புரொப்போர்ஷன்'. தமிழில் நேர் விகிதம், எதிர் விகிதம். பெயர்தான் புதிது. கணக்கு நம் வீட்டில் தினமும் நடப்பதுதான்.

கூட்டலா, மடங்கா?

இட்லிக்கு 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் உளுந்து போடுகிறீர்கள். விருந்தாளி வருகிறார், அரிசி 6 டம்ளர். உளுந்து எவ்வளவு? பிள்ளையிடம் கேளுங்கள்.

"3 டம்ளர்" என்று பதில் வந்தால் கோபிக்காதீர்கள். அரிசியில் 2 கூடியது. அதனால் உளுந்திலும் 2 கூட்டி விட்டான். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் செய்கிற தவறு இது. ஆனால் அரிசியில் பாதி உளுந்து போட்டு எந்தத் தாயாவது மாவு அரைப்பாளா?

அரிசி ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. ஆகவே உளுந்தும் ஒன்றரை மடங்கு, அதாவது ஒன்றரை டம்ளர். வகுத்துப் பார்த்தால் இரண்டு முறையும் 4 வரும். இதுதான் நேர் விகிதம்.

ஆள் கூடினால் நாள் குறையும்

6 பேர் 4 நாளில் வெள்ளையடிக்கும் கட்டடத்தை, அதே வேகத்தில் 8 பேர் அடித்தால் எத்தனை நாள்? 6-ஐ 4-ஆல் பெருக்கினால் 24 ஆள் வேலை. அதை 8 பேர் பகிர்ந்தால் 3 நாள். இங்கே பெருக்குத் தொகை மாறாது. இது எதிர் விகிதம்.

கி.பி. 499-ல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்திலேயே, தெரிந்த மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் காணும் வழி இருக்கிறது. 'திரைராசிகம்' என்று அதற்குப் பெயர்.

ஏமாற்றும் கணக்குகள்

சேர்ந்து வளர்வது எல்லாம் விகிதம் ஆகாது. அண்ணனுக்கு 12 வயது, தம்பிக்கு 6. இன்று இரண்டு மடங்கு. 6 ஆண்டு கழித்து 18-ம் 12-ம், ஒன்றரை மடங்குதான். இங்கே கூட்டல்தான் சரி.

ஆட்டோவைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் மும்பை ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 26 ரூபாய் ஆனது. முதல் ஒன்றரை கிலோ மீட்டருக்கு அந்தத் தொகை. அரை கிலோ மீட்டர் போனாலும் 26, ஒரு கிலோ மீட்டர் போனாலும் 26. தூரம் இரு மடங்கு, பணம் மாறவில்லை.

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, வயதுக் கணக்கையும் பெருக்கித்தான் வைக்கும். பின்னால் வரும் சதவீதம், வட்டி, வரைபட அளவு எல்லாம் இந்தப் பாடத்தின் மேல்தான் நிற்கின்றன. இங்கே தடுக்கி விழுந்தால் கணக்கு என்றாலே வெறுப்பு வந்துவிடும்.

எனவே, விடை கேட்பதற்கு முன் "இது கூட்டலா, மடங்கா?" என்று கேளுங்கள். "ஏன்?" என்றும் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் போதும். தமிழிலேயே கேட்கலாம். புரிந்து கொண்ட பிள்ளை, பரீட்சையை எந்த மொழியிலும் எழுதிவிடும்.